கண்காணிப்பாளரின் வான்நோக்ககம்

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், கோடானுகோடி மைல்களுக்கு அப்பால் இரண்டு விண்மீன் திரள்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. மோதி முடிக்க அவற்றுக்கு இன்னும் பல கோடி ஆண்டுகள் அவகாசம் உண்டு. படமெடுக்க வேண்டிய கண்காணிப்பாளருக்கோ மூன்றே இரவுகள்தான். அப்புறம் நிலா வந்துவிடும். நிலா போனால் மழை. விட்டால் அடுத்த வருஷம்தான்.

கொல்லையிலிருந்த தகரக் கொட்டகைக்கு ‘வான்நோக்ககம்’ என்று பலகை மாட்டியிருந்தார். மனைவி அதைக் கோழிக்கூடு என்பாள்.

பத்து நாளாக இரவெல்லாம் அங்கேதான். கறுப்பு உடை, குரங்குக் குல்லா, கண் கூசாமலிருக்க நெற்றியில் சிவப்பு விளக்கு. பகலில் அலுவலகக் கோப்புகளின் மேல் தூக்கம்.

போன வாரம் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் கொல்லையில் ஒரு விளக்கு மாட்டினார். படமெல்லாம் சுண்ணாம்புச் சுவராக வெளுத்தது.

“அணைங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?” என்றாள் மனைவி.

“இருமல் மருந்து விக்கிறவருக்கு நான் பிரபஞ்சத்தைப் பத்திப் பாடம் எடுக்கணுமா?”

முதல் இரவு, மதில்மேல் கம்பளி கட்டி மறைத்தார். மறுநாள் அதற்கும் மேலே இன்னொரு விளக்கு முளைத்தது.

இரண்டாம் இரவு, மதிலேறிக் கம்பால் விளக்கின் முகத்தைத் திருப்பினார். அரைமணியில் அது திரும்பவும் அவர் பக்கமே பார்த்தது. கூடவே ஒரு விசில் சத்தம். இறங்கும்போது முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலையில் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

“வாங்க சார், நானே வரணும்னு இருந்தேன்!” என்றார் மருந்துக்கடைக்காரர். “பாவம், அசந்து தூங்கறீங்க, உங்களுக்கு எங்க தெரியப்போகுது! தினம் ராத்திரி உங்க கொல்லையில ஒருத்தன் நடமாடறான். கறுப்புச் சட்டை, குல்லா, நெத்தியில சிவப்பு லைட்டு. உங்க டெலஸ்கோப்பைத்தான் நோட்டம் விடறான். அதுக்காகத்தான் லைட்டு போட்டுக் காவல் காக்கறேன். நேத்து மதில் மேலேயே ஏறிட்டான்!”

கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார். உண்மை தொண்டைவரை வந்து, கௌரவத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று.

“ஆள்... அடையாளம் தெரிஞ்சுதா?”

“மூஞ்சி சரியாத் தெரியல சார். திருட்டு முழி மட்டும் தெரிஞ்சுது. இனிமே கவலையே வேண்டாம். தெருவே கையெழுத்துப் போட்டு முனிசிபாலிட்டிக்கு மனு குடுத்தாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் உங்க கொட்டகைக்கு நேரா கம்பம் நட்டுப் பெரிய லைட்டு போட வராங்க.”

“தெருவேவா?”

“ஆமா சார். முதல் கையெழுத்தே உங்க வீட்டு அக்காதான்.”