ஒரு சொட்டும் சிந்தாத கார்

உடுவிலில் சீவரத்தினம் வீட்டுப் போர்ட்டிகோவில் அன்று மாலை நின்றவர்கள் ஆறு பேர். மாப்பிள்ளை வீட்டார் மூவர்: ஓய்வுபெற்ற தபாலதிபர் மார்க்கண்டு, அவர் மனைவி குணலட்சுமி, மகன் கோகுலன். பெண் வீட்டார் மூவர்: சீவரத்தினம், அவர் மகள் பிரசாந்தி, அவர் தமக்கை சின்னத்தங்கம். வேறு எவரும் அங்கே நிற்கவில்லை. தாமும் நின்றதாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம்.

கலியாண நாள் குறித்தாயிற்று. பால்மாத் தேநீரும் பயற்றம் பணியாரமும் முடிந்தன. மார்க்கண்டு தமது பழைய ஒஸ்ரின் காரைப் பின்னுக்கு எடுத்தார். புதிதாகப் பதித்த வெள்ளை மாபிளில், கார் நின்ற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த ஒயில் பொட்டு.

ஆறு பேரும் பார்த்தார்கள். ஒருவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சீவரத்தினம்தான் முகம் வெளிறி, பக்கத்தில் கிடந்த கால்மிதியைக் காலாலேயே இழுத்து அதன்மேல் விட்டார்.

"அது ஒண்டுமில்லைச் சம்பந்தி. நீங்கள் போயிட்டு வாங்கோ."

சற்று முன்தான் மார்க்கண்டு அந்த வீட்டுக் கதிரையில் நிமிர்ந்திருந்து, "எங்கடை கார் இண்டு வரைக்கும் ஒரு சொட்டுச் சிந்தினதில்லை" என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, கொல்லையில் படங்கு போட்டு மூடியிருந்த கொட்டிலைப் பார்த்து, "பால்மாடு நிக்குதோ?" என்றும் கேட்டார்.

"ஓ... ஓம். அதுக்குச் சுகமில்லை. கிட்டப் போகாதையுங்கோ," என்றார் சீவரத்தினம்.

திரும்பி வரும்போது, சுன்னாகத்துச் செம்மண்ணில் வெங்காயத் தாள்கள் அந்தி வெயிலில் பச்சைப் புகைபோல் அசைந்தன. மார்க்கண்டு சுக்கானைப் பிடித்தால் கார் ஓடுவதாகவே தெரியாது. வயலும் பனையும் கோவிலும் தாமாக எழுந்து பின்னால் நடந்து போவதுபோலத்தான் இருக்கும். தகப்பனார் வாங்கிய அந்தக் காரை விட்டு வேறு வாகனத்தில் அந்தக் குடும்பத்து மாப்பிள்ளை எவரும் பெண் வீட்டுக்குப் போனதில்லை. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில்கூட, இருமி இருமியேனும், அதுதான் போனது.

"அப்பா, நான் யாழ்ப்பாணத்திலை ஒரு ஏசிக் கார் பிடிக்கிறன்," என்றான் கோகுலன்.

"இந்தக் கார் வாசல் படலை தாண்டாட்டி நானும் தாண்டன்," என்றார் மார்க்கண்டு.

மார்க்கண்டு வீட்டில் கார் நிற்பது மணலில். மணல் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே மறுநாளே கார் திருத்துகிற லெனாட்டின் கராச்சுக்குப் போயிற்று. லெனாட் காரின் கீழே படுத்து, தேவாலயத்துப் பாட்டொன்றை முணுமுணுத்து முடித்துவிட்டு வெளியே வந்தான்.

"ஐயா, ஸ்ரியறிங் பெட்டியிலை கொஞ்ச ஈரம் கிடக்கு. பழங்கார் எண்டால் இருக்கும். ஒழுக்கெண்டு சொல்லேலாது."

"ஒழுகுது. என்ரை கண்ணாலை கண்டனான்."

"எங்கை கண்டனீங்கள்?"

"அது உமக்குத் தேவையில்லை."

லெனாட் ஒயிலை வடித்துவிட்டுப் பெட்டி நிறையக் கிறீஸை அடைத்தான். ஒழுக்கு நிச்சயமாக இல்லை. ஆனால் சுக்கானைத் திருப்புவது அம்மிக்கல்லைத் திருப்புவதுபோல் ஆயிற்று. நெல்லியடிக்குக் கலியாணம் சொல்லப் போய்வந்த மார்க்கண்டுவுக்குத் தோள் இரண்டும் வீங்கின.

"மாப்பிள்ளைக்கு நலுங்கு வைக்க முதல் உங்களுக்கு எண்ணெய் போட வேண்டிக் கிடக்கு," என்றாள் குணலட்சுமி.

"இஞ்சை பாரும், உமக்குக் கார் விஷயம் விளங்காது."

கிறீஸைச் சுரண்டி எடுக்கப் பெட்டியைக் கழற்றினார்கள். தகப்பனார் காலத்துச் சீல், காற்றுப் பட்டதும் பொரிவிளாங்காய்போல் உதிர்ந்தது. புதிய சீல் வாங்கிப் போட்டான் லெனாட். அது ஒரு மயிரிழை பெரிது. கீழே வைத்த சட்டிக்குள் ஒயில் ஒவ்வொரு சொட்டாக விழத் தொடங்கிற்று.

"ஐயா, இப்பதான் ஒழுகுது," என்றான் லெனாட்.

"பாத்தீரே! நான் அப்பவே சொன்னனான்!" என்றார் மார்க்கண்டு, வெற்றியோடு.

அன்று மத்தியானம் காரின் பின்னிருக்கையில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தார். கனவில் சீவரத்தினத்தின் மாபிள் தளம் முழுவதும் கரிய குளமாய் விரிந்து கிடந்தது. அதில் வெள்ளைத் தாமரைகள். நடுவே தகப்பனார், வேட்டி நனையாமல், ஒயிலின் மேல் நடந்து வந்தார். "தம்பி, எங்கடை காரோ?" என்று கேட்டார். மார்க்கண்டு பதில் சொல்ல வாய் திறந்தார். வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

விழித்ததும், "லெனாட், எல்லாத்தையும் திரும்பக் கழட்டும்!" என்றார்.

கலியாணத்துக்கு முதல் நாள் எல்லாவற்றையும் பூட்டினார்கள். அவசரத்தில், பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகும் கையை லெனாட் இரண்டு பல்லுத் தள்ளி மாட்டிவிட்டான். மறுநாள் காலை, கண்ணூறு போகச் சில்லுகளின் கீழ் வைத்த தேசிக்காய் நசுங்க, மாப்பிள்ளையோடு புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது: கார் வலப்பக்கம் நன்றாகத் திரும்பிற்று. இடப்பக்கம் மட்டும் அசையவே மாட்டேன் என்றது.

வழியில் வந்ததெல்லாம் வலப்பக்கத் திருப்பமாய் அமைந்தது பிதிர்களின் புண்ணியம். சிவன் கோவிலடியில்தான் இடப்பக்கம் திரும்ப வேண்டும். சந்தியில் மேளகாரர் காத்து நின்றார்கள். மார்க்கண்டு திருப்பினார். கார் நேரே போயிற்று.

"அப்பா, வீடு அங்காலை!"

"தெரியும். பேசாமல் இரு."

இடப்பக்கம் திரும்பாத கார் என்ன செய்யும்? கோவிலைச் சுற்றி வலம், வலம், வலம் என்று வந்து சந்தியை நேரே கடந்தால் சம்பந்தி வீட்டுத் தெரு. மார்க்கண்டு அப்படியே வந்தார். ஆனால் கோவிலை வலம் வந்த காரைக் கண்ட மேளகாரர் தெருவை அடைத்து நின்று, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒதுங்கவும் வலப்பக்கம்தான் உண்டு. மறுபடியும் கோவில். இரண்டாம் சுற்றில் ஒருத்தி கற்பூரம் கொளுத்தினாள். ஒருவர் தேங்காய் உடைத்தார். மேளகாரர் விலகவில்லை. நாதஸ்வரம் காருக்கு முன்னே மிதந்தது. ஒயில் மணமும் மல்லிகை மணமும் கலந்தன. கோபுரத்துப் பொம்மைகள் மூன்றாம் முறையாகத் திரும்பிப் பார்த்தன. மார்க்கண்டுவுக்கு இதுவும் கனவோ என்று தோன்றிற்று. மூன்று சுற்று நிறைந்ததும் சனம் "அரோகரா" என்று வழி விட்டது.

"என்ன நேர்த்திக்கடனப்பா?" என்று ஒரு கிழவர் கண்ணாடிக்குள் தலை நீட்டிக் கேட்டார்.

"குடும்ப நேர்த்தி," என்றார் மார்க்கண்டு, முதுகு வளையாமல்.

தெரு முடிவில் நேரே சீவரத்தினம் வீடு. கார் போர்ட்டிகோவில் போய் நின்றது. மாப்பிள்ளைக்குக் கால் கழுவச் செம்பு வந்தது. அந்த அமைதியில் காரின் கீழ் ஒரு சத்தம் கேட்டது. சொட்டு. சொட்டு. பிறகு சொட்டென்று சொல்ல முடியாத ஓட்டம். கரிய நீர் வெள்ளை மாபிளில் மெல்ல விரிந்து, கனவில் கண்ட குளமாய்ப் பந்தற்கால் வரை போயிற்று. தாமரை மட்டும் இல்லை.

"நாள் குறிக்க வந்த அண்டும் உந்தக் கார்தானாம் மாபிளைப் பழுதாக்கினது," என்று பந்தலுக்குள் ஒருவர் சொல்ல, அது கதிரைக்குக் கதிரை தாவிற்று.

மார்க்கண்டு இறங்கினார். சால்வையைச் சரிசெய்து, சபைக்கு முன் நிமிர்ந்து நின்றார்.

"ஓம். அண்டைக்கு ஒழுகினதும் என்ரை கார்தான். பிழை எங்கடை பக்கம். இண்டைக்குத்தான் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வந்தது."

சீவரத்தினம் கொல்லைப்புறம் பார்த்தார்.

ஆலாத்தித் தட்டோடு நின்ற சின்னத்தங்கம் தட்டைப் பட்டென்று கீழே வைத்தாள்.

"சும்மா கண்டபடி கதையாதையுங்கோ. அண்டைக்கு மார்க்கண்டரின்ரை கார் ஒரு சொட்டும் சிந்தேல்லை; அந்த ஒயில், சம்பந்தி பாத்தால் வெக்கமெண்டு தம்பி மாட்டுக்கொட்டிலுக்கை ஒளிச்சு வைச்ச எங்களைப் பெத்த ஐயாவின்ரை பழங்கார் விட்டது."