பத்துக்கு ஏறி, பதினொண்ணுக்கு இறங்கி

"ஒரு மணி நேரம்னா வரேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட என்னால ஆகாசத்துல தொங்க முடியாது" என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை அவரைக் கூட்டிப்போகத்தான் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். மனைவிக்கு இன்னும் பத்து நாளில் பிரசவம். "அம்மா இல்லாம நீங்க மட்டும் வந்து நின்னா கதவைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் அவனை அனுப்பியிருந்தாள். விமானமோ முழுசாக நாலு மணி நேரம் பறக்கும்.

நல்லவேளை, நேர வித்தியாசம் என்று ஒன்று இருக்கிறது. அவன் குடியிருக்கும் ஊர்க் கடிகாரம் இந்த ஊரைவிட மூன்று மணி நேரம் பின்னால். டிக்கெட்டை நீட்டினான்.

"பாருங்க அத்தை. பத்துக்கு ஏறறோம், பதினொண்ணுக்கு இறங்கறோம்."

"நெஜமாவா?"

"டிக்கெட்டுல போட்டிருக்கறதுதான் அத்தை கணக்கு."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவர். அவருக்கா தெரியாது? மாப்பிள்ளை டிக்கெட்டை அவசரமாக மடித்தான். ஆனால் அந்த வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கைக்கு வந்ததில்லை, பேச்சு எங்கே வரப்போகிறது?

"நான் வீட்டைப் பாத்துக்கறேன். ரிட்டர்ன் டிக்கெட்டையும் நானே போட்டுடறேன்" என்று மட்டும் சொன்னார். பெட்டியைக்கூட அவரே கட்டிக் கொடுத்தார். தங்கமான மனுஷன்.

விமானத்தில் ஏறியதும், "வாட்சைக் கழட்டுங்க அத்தை, இங்க கட்டக் கூடாது" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான், பாவம்.

எதிரே திரையில் ஓடிய படம் முடிந்தது.

"ரெண்டரை மணி நேரப் படம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"மேல பறக்கறப்ப எல்லாமே வேகமா ஓடும் அத்தை."

மாமியார் நம்பவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பி, "இறங்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"ஒன்றரை மணி நேரம் ஆகும்மா."

"அது அவருக்கு, அத்தை. நாம முன்னாடியே இறங்கிடுவோம்" என்று உளறினான்.

"முன்னாடியேன்னா? நடு வழியிலயா?"

மாமியார் அவன் கையைப் பிடித்தவர்தான், விமானம் இறங்கும்வரை விடவே இல்லை. ஐந்து விரலும் மரத்துப்போயின.

விமான நிலையச் சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது. மாமியார் முகம் மலர்ந்தது. "சொன்ன மாதிரியே கொண்டுவந்து சேர்த்துட்டீங்க. உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே." அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அவன் வீட்டில் இருந்ததே ஒரு படுக்கையறை, ஒரு ஹால். ஒரே ஒரு மாதம் சோபாவில் முதுகை மடக்கிப் படுத்துவிட்டால் போதும், அத்தை கிளம்பிவிடுவார். அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தான். அதற்குள் மாமியார் பெட்டியைத் திறந்து ரிட்டர்ன் டிக்கெட்டை எடுத்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை இது? பத்துக்கு ஏறி சாயந்தரம் அஞ்சுக்கு இறங்கணுமா? ஏழு மணி நேரமா?"

"இல்ல அத்தை, அதுவும் நாலு..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். போவது நாலு என்றால் வந்ததும் நாலு.

"ஏழு மணி நேரம் என்னால தொங்க முடியாது. இனிமே நான் இங்கதான். பெட்டியை ரூம்ல வைங்க."

மாப்பிள்ளை பால்கனிக்கு ஓடிப்போய் மாமனாருக்குப் போன் போட்டான். "மாமா, நீங்களாவது அத்தைகிட்ட உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத கணக்கா?"

அந்தப் பக்கம் டிவி அலறிக்கொண்டிருந்தது. மாமனார் சத்தத்தைக் குறைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை? டிக்கெட்டுல போட்டிருக்கறதுதானே கணக்கு."