தேங்காய்ப் பாலில் குளித்த மோட்டார் சைக்கிள்

சிஞ்சினிம், கோவா
வியாழக்கிழமை

பஹ்ரைனில் இருக்கும் பெருமதிப்பிற்குரிய மைத்துனர் லிகோர் பாப் அவர்களுக்கு, உங்கள் தங்கை கொன்சேசாவின் கணவன் இனாஸ் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் உங்கள் தங்கையும் புது மருமகளும் இரண்டு பன்றிகளும் நலம். உங்கள் மோட்டார் சைக்கிள் மட்டும் நலமில்லை.

பெங்களூர்க்காரர் ஒருவர் இந்த மாதக் கடைசி ஞாயிறன்று வருவார், ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் வாங்கிக்கொண்டு போவார், வண்டியைத் தயாராக வைக்கவும் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு இந்தப் பத்தொன்பது வருடமும் நான் துடைத்தேன், ஓட்டினேன் என்பதற்காக எனக்கு அதன்மேல் ஒரு பற்றும் கிடையாது. ஓடுகிற வண்டியைத்தான் ஒப்படைப்பேன் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன், அந்தச் சொல்தான் இப்போது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எல்லாம் போன மாதம் எங்கள் மகன் ரெமியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆரம்பித்தது. ரோஸ் சடங்கில் மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப் பால் பூச ஒவ்வொருவராக வந்தார்கள். தாய்மாமன் முறை வந்தபோது ஆள் இல்லை. நீங்களோ லீவு கிடைக்கவில்லை என்று வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தீர்கள். உங்கள் தங்கை பந்தல் நடுவில் நின்று அழத் தொடங்கினாள். உடனே எஸ்பெரன்சா சித்தி, "மாமன் வரலேன்னா என்னடி, மாமனோட வண்டி இருக்கே! தள்ளிட்டு வாங்க!" என்றாள். தள்ளிக்கொண்டு வந்து, உங்கள் பழைய தொப்பியை வண்டியின் முன்விளக்கின் மேல் மாட்டி, கிளட்ச் கைப்பிடியில் பாலைத் தடவி, ரெமியின் தலையை அதில் தேய்த்தோம். அதோடு விட்டார்களா? "மாமனுக்கும் ஊத்துங்கடி!" என்று ஒரு குரல். மூன்று குடம் பால், லிகோர் பாப். உங்கள் தங்கை பெட்ரோல் டாங்கைக் கட்டிப் பிடித்து, "வந்துட்டியா அண்ணா" என்றாள். நானும் கொஞ்சம் அழுதேன், மறைப்பானேன்.

மறுநாளே வண்டி இருமத் தொடங்கியது. மெக்கானிக் மெனினோ ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். "இனாஸ் பாப், இது வண்டியா, குழம்பா? மீனை மட்டும்தான் காணோம்" என்றான். எல்லாவற்றையும் பிரித்துக் கழுவிப் புது ப்ளக் போட்டான். பாலம் வரை ஓடி நின்றது. ப்ளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்டுகளின் மூடியைத் திறந்தால், தேங்காய் வாசனைக்கு வந்த எறும்புகள் உள்ளே குடித்தனம் நடத்தி, பொறி பறக்கும்போதெல்லாம் கூட்டம் கூட்டமாகக் கருகியிருக்கின்றன. அவற்றைச் சுரண்டி எடுத்ததும் வேறு கூத்து. ஹார்னை அமுக்கினால் இன்ஜின் நிற்கிறது, பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அடிக்கிறது. செவ்வாயன்று நம் ஊர் சாந்தானின் சவ ஊர்வலத்துக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன், வண்டி 'டமார்' என்றது. பேண்டுக்காரர்கள் கல்யாண வெடி என்று நினைத்துக் கல்யாணப் பாட்டை எடுத்துவிட்டார்கள். பாதிரியார் திரும்பி, "இனாஸ், அந்தப் பேயை வீட்டுக்குத் தள்ளிட்டுப் போ" என்றார். சாந்தானின் மனைவி மட்டும், "இருக்கட்டும் ஃபாதர், அவருக்கு இந்தப் பாட்டுன்னா உயிர்" என்றாள்.

ஆகவே பெங்களூர்க்காரரை இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வயராகத் தேட வேண்டும் என்கிறான் மெனினோ. சாயங்காலமானால் உங்கள் தங்கை துணியை எடுத்துக்கொண்டு வண்டியருகே போய் ஏதோ முணுமுணுக்கிறாள். என்னவென்று நான் கேட்பதில்லை.

நம் ஊர் மாதா உங்கள் வேலையையும் முழங்காலையும் காப்பாளாக.

என்றும் உங்கள் பணிவுள்ள,
இனாஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டும் நேரத்தில் மெனினோ வந்து பிழையைக் கண்டுபிடித்தான். பேட்டரியின் எர்த் வயர்! பாலைக் கழுவியபோது கழற்றியவன் திரும்ப இறுக்க மறந்திருக்கிறான். ஸ்பேனரில் கால் சுற்று இறுக்கினான், அவ்வளவுதான். ஒரே உதையில் கிளம்பியது. என்ன சத்தம், லிகோர் பாப்! நான் முற்றத்தில் குதித்தேன். திரும்பினால் உங்கள் தங்கை நிற்கிறாள். "அப்போ அந்த ஞாயித்துக்கிழமை கொண்டு போயிடுவாங்க. வண்டியும் போச்சுன்னா அண்ணன் எதுக்குங்க இங்க வரப் போறாரு?" என்றாள்.

ப்ளக்கைக் கழற்றி என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெங்களூர்க்காரருக்கும் போன் செய்து, வண்டியின் சொந்தக்காரரே பஹ்ரைனிலிருந்து நேரில் வருகிறார், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதீர்கள். லீவு போடுங்கள்.