பெயர் வேண்டாம்

முனைவர் பட்ட மாணவர்களின் துயரத்துக்காகப் பேராசிரியர் அலிஸ்டர் பென்ஹாலைப் போல உருகிய மனிதர் உலகில் இன்னொருவர் இல்லை. தென் ஆஸ்திரேலியக் கடலோரம் கில்வாரா பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை அவரால்தான் ஒளி வீசியது. 'ஆராய்ச்சியைப் பாதியில் விடுவோர்' என்பது அவருடைய தனி ராஜ்ஜியம். அதைப் பற்றி உரையாற்றவே பெரும்பாலும் விமானத்தில் வாழ்ந்தார்.

நல்ல ஆசிரியை வேலையை உதறிவிட்டு டெஸ்ஸா கார்மொடி அவரிடம் மாணவியாகச் சேர்ந்தாள். விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி காண்பது அவள் ஆய்வு. ஒருத்தி பேக்கரி நடத்தினாள். ஒருவன் சிப்பிப் பண்ணையில் இருந்தான். இருவரும் சொன்னது ஒன்றுதான்: "எங்க வழிகாட்டி நாங்க எழுதினதைப் படிக்கவே இல்ல."

டெஸ்ஸா தன் முதல் அத்தியாயத்தைப் பேராசிரியரிடம் கொடுத்தாள். குளிர்காலம் போய், மேக்பை பறவைகள் தலையைக் கொத்தும் வசந்தமும் வந்தது. ஒருநாள் நடைவழியில் அவரை மடக்கினாள்.

"அலிஸ்டர், என் அத்தியாயம்?"

"அருமை. கோட்பாடுதான் கொஞ்சம் பத்தல."

ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி கொடுத்தாள்.

"பாத்தியா, இப்ப கோட்பாடு நிமிந்து நிக்குது."

அடுத்த முறை நடுவே லாமிங்டன் கேக் செய்முறையைச் செருகினாள். "களத் தரவு செறிவா இருக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போனதும் அழுகை வந்தது.

பிறகு 'செவிமடுத்தல்' என்ற ஆய்வுப் பயிற்சி நடந்தது. பேராசிரியர் காலையில் தொடங்கி மாலைவரை பேசினார். டெஸ்ஸா கையைத் தூக்கினாள்.

"கையை இறக்கு. கேக்கறது எப்படின்னுதான் இன்னிக்குப் பாடம். அதனால யாரும் எதையும் கேக்காதீங்க."

மறுநாள் அவள் அவர் அறைக்குப் போனாள்.

"நான் விட்டுட்டுப் போறேன், அலிஸ்டர்."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. கைபேசியை அணைத்தார், கதவைச் சாத்தினார், ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தார்.

"ஏன்னு சொல்லு. அவசரமே இல்ல."

அவள் சொன்னாள். படிக்காத அத்தியாயத்தைச் சொன்னாள், லாமிங்டனைச் சொன்னாள், தொலைந்த வேலையையும் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"என் அடுத்த புத்தகத்துக்கு இதுதான் உயிர்" என்றார். "ஆனா ஆய்வு அறம்னு ஒண்ணு இருக்கே. பேரை வெளியிடக் கூடாது."

"தாராளமாப் போடுங்க. என் பேர் வந்தா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

"உன் பேரைச் சொல்லல, டெஸ்ஸா" என்றார் பேராசிரியர். "என் பேரைச் சொன்னேன்."