சுவரோரம் பத்து மில்லிமீட்டர்

"இன்னாப்பா இது?" என்று கேட்டார் தாவீது.

கூடத்து மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதிதாகப் போட்ட மரத்தரைக்கும் சுவருக்கும் நடுவில் தன் அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது மட்டுமல்ல, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

"கேப் விட்டிருக்கேன் அண்ணாச்சி. சுத்திலும் பத்து மில்லி" என்றான் மாரிராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி, சுற்றுவட்டாரத்துப் புது வீடுகளுக்கு லேமினேட் தரை போடுகிறவன்.

தப்பான ஆளிடம் வாயைக் கொடுத்துவிட்டான். ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தாவீதுக்கு வேலையே இடைவெளி பார்ப்பதுதான். லைனில் வருகிற ஒவ்வொரு காரிலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவே தகட்டை விட்டு அளப்பார். மூன்றரை மில்லி இருக்க வேண்டும். நாலரை இருந்தால் கார் வந்த வழியே திரும்பும். கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சர்ச் கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்த மனுஷன் என்று அவர் மனைவி சசிகலா இன்றைக்கும் சொல்வாள்.

"பத்து மில்லியா! அதுல ஒரு பல்லி குடும்பமே நடத்தும்யா!"

"மழைக்குப் பலகை விரியும் அண்ணாச்சி. எடம் விடலன்னா..."

"என் காரு வெயில்லயும் மழைலயும் யார்டுல நிக்குது. அது விரியுதா?"

"அது இரும்புல்லா? இது மரத்தூளு. இன்னும் வேலை முடியல அண்ணாச்சி, நாளைக்கு வந்து..."

"நாளைக்கு வந்து இன்னும் பெருசாக்கப் போறியா? நீ கெளம்பு. மீதிய நான் பாத்துக்கறேன்."

மாரிராஜ் சுத்தியலைப் பைக்குள் போட்டான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, சுவரோரம் கிடந்த எட்டடி நீள அட்டைப் பெட்டியைக் காட்டினான். "அந்தப் பொட்டி மட்டும்..."

"அது எங்க போவுது? அப்பால வந்து எடுத்துக்கோ."

தாவீதின் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. தேவையில்லாத பொருள் எது கண்ணில் பட்டாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். சீட்டு ஒட்டிய பொருளை, அப்புறப்படுத்தும் நாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அந்தச் சீட்டில் ஒரு கட்டு வீட்டிலும் வைத்திருந்தார். உடைந்த மிக்ஸி ஜாரில் ஒன்று ஒட்டியிருந்தது. மச்சினன் பரிசளித்த சுவர்க்கடிகாரத்தில் ஒன்று. இப்போது பெட்டியிலும் ஒன்று ஒட்டி, 'தேவையற்றது, திருப்பி அனுப்பவும்' என்று எழுதினார்.

"ஏங்க, வேல முடியலன்னு அவரு சொன்னாரே?" என்றாள் சசிகலா. "சனிக்கெழம ஜெபக் கூட்டங்க."

பதினோரு வருடம் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தவள் அவள். சபையில் மாதம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். தன் முறை வரும்போதெல்லாம், "எங்க வூட்ல எடம் பத்தாதுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொருத்தி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பாடிவிட்டு வருவாள். இப்போதுதான் சொந்த வீடு. இப்போதுதான் கூடம் என்று ஒன்று. நாற்பது பேரைத் தன் வீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

"சனிக்கெழமைக்குள்ள கேப்பே இல்லாத தரை. என் கேரண்டி!" என்றார் தாவீது.

ஓ.டி.யை விட்டுவிட்டு இரண்டு நாள் வேலை பார்த்தார். மீந்துபோன பலகைகளை விரல் கனத்துக்குச் சன்னமாக அறுத்து, நான்கு சுவரோரமும் ரப்பர் சுத்தியலால் அடித்து இறக்கினார். தகட்டை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. சின்னத் தகடும் நுழையவில்லை. சசிகலாவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார்.

"நல்லா கீது. ஆனா வூடு பூரா மரத்தூளு" என்று அவள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தரையைத் துடைத்தாள். அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது என்று டிவியில் காட்டுகிற அளவுக்குப் பெய்தது.

புதன்கிழமை காலையில் சசிகலா கூப்பிட்டாள். "ஏங்க, நடு வூட்ல இன்னாது இது? எதையோ பொதச்சி வச்சாப்ல கீது!"

கூடத்தின் மத்தியில் தரை நாலு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. மிதித்தால் அமுங்கியது. காலை எடுத்தால் மறுபடியும் எழுந்துகொண்டது.

"வெயிட் பத்தல, வேற ஒண்ணுமில்ல" என்று தாவீது கிரைண்டரைத் தூக்கி அதன்மேல் வைத்தார். சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். இரண்டுக்கும் நடுவில் அந்த எட்டடிப் பெட்டியைப் போட்டார். மேடு அடங்கியது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, யூனிஃபார்ம் மாட்டப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அமுங்கிய மேடு எங்கேயாவது போக வேண்டுமே, அது நேராகக் கதவடிக்குப் போயிற்று. தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. தாவீது கதவை இழுத்தார். அசையவில்லை.

"சசி! கதவு தொறக்கல! பஸ்ஸ நிறுத்து!"

"இன்னான்னு சொல்லி நிறுத்தறது? இடைவெளி பாக்கறவரு இடுக்குல மாட்டிகினாருன்னா?"

பஸ் போய்விட்டது. சசிகலா மூச்சுவாங்கச் சிலிண்டரை நகர்த்தினாள். மேடு கூடத்துக்கே திரும்பியது, கதவும் திறந்தது. கூடம் வேண்டுமா, கதவு வேண்டுமா என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். தாவீது இரண்டும் வேண்டும் என்று ரம்பத்தை எடுத்தார்.

கதவின் அடியை ஒரு விரல் அறுத்தார். கோணலாகிவிட்டது. நேராக்குவதற்கு இன்னொரு விரல். அது மறுபக்கம் கோணியது. எல்லாம் முடிந்தபோது பக்கத்து வீட்டுப் பூனை கதவடியில் தலை குனியாமல் உள்ளே போய்விட்டு வந்தது. அந்த இடைவெளியில் மட்டும் தாவீது தகட்டை வைத்துப் பார்க்கவில்லை. சசிகலா பூனையையும் அவரையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சாயங்காலம் மாரிராஜ் போன் செய்தான். "அண்ணாச்சி, அந்தப் பொட்டி..."

"பத்திரமா கீதுப்பா! சீட்டு ஒட்டி வச்சிருக்கேன். எவனும் தொட மாட்டான்."

"அதுக்கில்ல அண்ணாச்சி..."

தாவீது போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேடு ஐந்து விரலாகியிருந்தது. சசிகலா மெதுவாகக் கேட்டாள். "ரத்தினம் அக்கா வூட்டுக்கே கூட்டத்த மாத்திடுங்கன்னு செகரட்டரி ஐயாவுக்குப் போன் போடட்டா?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

தாவீதுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருட வாசற்படி அவருக்கும் தெரியும். "போடாத. இந்த வூட்லதான் நடக்கும்" என்றார்.

ராத்திரி முழுக்க யோசித்ததில் ஒரு வழி கிடைத்திருந்தது. வழியின் பெயர் பெரியநாயகம். சபைச் செகரட்டரி. தாவீதின் கண்ணளவில் நூற்றுப்பத்து கிலோ.

சனிக்கிழமை சாயங்காலம் மேட்டின்மேல் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் கைவைத்த நாற்காலி ஒன்றைப் போட்டார். "ஐயா, இது உங்களுக்குன்னே போட்டது."

"எந்த வூட்லயும் எனக்கு இப்டி ஒரு மரியாதை கெடச்சதில்லப்பா" என்று நெகிழ்ந்து உட்கார்ந்தார் பெரியநாயகம். மேடு அடங்கியது. அறுத்த கதவும் சிக்கவில்லை. சுவரோரம் கிடந்த நீளப் பெட்டிமேல் மூன்று பெண்கள் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். நாற்பது பேருக்கும் இடமிருந்தது.

நடுவில் பெரியநாயகத்தின் போன் அடித்தது. அவர் வெளியே போகலாம் என்று கையை ஊன்றினார்.

தாவீது பாய்ந்து வந்தார். "நீங்க எழுந்திரிக்காதீங்கய்யா! இங்கியே பேசுங்க, நான் காதுல புடிச்சிக்கறேன்!"

கூடத்தின் மத்தியில் நின்று சசிகலா பாட்டை ஆரம்பித்தாள். தன் வீட்டில் பாடுகிறோம் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. தாவீதுக்கு எத்தனை கதவை அறுத்தாலும் தகும் என்று தோன்றியது.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டார்.

"கடைசி ஜெபம்" என்றார் பாஸ்டர். "எல்லாரும் எழுந்து நிப்போம்."

"பாஸ்டர், செகரட்டரி ஐயா மட்டும் உக்காந்துகினே..." என்று தாவீது பதறினார்.

"கர்த்தருக்கு முன்னாடி உக்காந்துகினாவா?" என்று பெரியநாயகம் கோபமாக எழுந்தார்.

டமார்!

ஜமுக்காளத்தோடு தரை எழும்பியது. நாற்காலி சறுக்கிக்கொண்டுபோய் ஹார்மோனியத்தில் மோதியது. தாவீது அடித்து இறக்கிய துண்டுகளில் இரண்டு சுவரோரத்திலிருந்து துள்ளி, பாஸ்டரின் காலடியில் விழுந்தன. சசிகலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பெரியநாயகம் பாஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானத்துக்கு வந்தார். மேட்டைப் பார்த்தார். பிறகு சசிகலாவைப் பார்த்தார். "இத்தினி வருசமா கூட்டம் நடத்தறோம். கடைசி ஜெபத்துல ஒருத்தர்கூட தூங்காம இருந்தது இன்னிக்குத்தான். அடுத்த மாசமும் இங்கியே வச்சிக்கலாம், தங்கச்சி!"

கூடமே சிரித்தது. சசிகலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

டீ வந்தது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்தார்கள். கதவோரத்தில் மாரிராஜ் நின்றுகொண்டிருந்தான். கோபத்தோடு போனவன் சாப்பிட்டுவிட்டாவது போகட்டும் என்று சசிகலாதான் அவனைக் கூப்பிட்டிருந்தாள். அவன் மேட்டைப் பார்த்தான். துள்ளி விழுந்த துண்டுகளைப் பார்த்தான். அறுபட்ட கதவை மேலும் கீழும் பார்த்தான். கடைசியில் பெட்டியின் அருகே குந்தி, சிவப்புச் சீட்டில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அந்தப் பத்து மில்லி வெளிய தெரியாம மூடுததுக்கு நான் கொண்டாந்த சுவர்ப்பட்டியத்தானே அண்ணாச்சி, 'தேவையற்றது'ன்னு எழுதி ஒட்டி வச்சிருக்கிய!"