மைக்செட்டு பெரியப்பாவின் பாவசங்கீர்த்தனம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூமாப்பட்டி வரைக்கும் தேடினாலும், ரகசியம் என்று ஒன்றுகூட இல்லாமல் வாழ்ந்து முடித்த மனிதர் எங்கள் பெரியப்பா ஒருவர்தான். இளவயதிலேயே காது மந்தம். தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று முடிவுகட்டி, எதையும் தொண்டை கிழியத்தான் பேசுவார். அதனால் பெயர் மைக்செட்டு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கே பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

கூமாப்பட்டிப் பக்கம் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நெல். கிணற்றடியில் நின்றபடியே, மதியத்துக்கு என்ன குழம்பு என்று வீட்டைப் பார்த்துக் கேட்பார். பெரியம்மா வாசலுக்கு வந்து, கத்தரிக்காய் என்று கையால் ஜாடை காட்டுவாள். “நேத்தும் அதானே” என்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பரிதாபப்பட்டு வெண்டைக்காய் கொடுத்தனுப்புவார்.

மகள் ரோஸியைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்தார்கள். பெரியப்பா பெரியம்மாவின் பக்கம் சாய்ந்து, ரகசியமாக, “பையனுக்கு மூக்குதான் கொஞ்சம் பெருசு. மத்தபடி தங்கமான புள்ள” என்றார். மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை சிரித்துவிட்டான். தன் வீட்டிலும் முதல் பாதியைச் சொல்வார்கள், இரண்டாம் பாதியை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றான். இந்த மாப்பிள்ளையே போதும் என்று ரோஸி உள்ளேயிருந்து சொல்லியனுப்பினாள்.

பெரியப்பாவுக்கும் அவர் தம்பி சூசைக்கும் பொதுக் கிணறு. மோட்டார் போட ஆளுக்கொரு நாள் முறை. தண்ணீர் வற்றிய ஒரு கோடையில் பேச்சு முற்றி, நாலு வருஷம் இருவரும் முகம் பார்க்கவில்லை. கோயிலில் ஒருவர் முன்வரிசையில் என்றால் மற்றவர் கடைசி வரிசையில்.

நாலாம் வருஷத் தவக்காலத்தில், சாமியாரின் காதோடு பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு நல்ல கூட்டம். பெரியப்பா முழந்தாளிட்டார். நாலு ஆள் தள்ளி சூசை சித்தப்பா நின்றார்.

“சாமி, எம் முறை முடிஞ்ச பொறவும் தம்பி முறையில மோட்டார நிறுத்தாம எறச்சிட்டேன். நாலு தடவ.”

கோயிலே திரும்பியது. சாமியார் பதறிப்போய், மெதுவாகச் சொல்லும்படி கையைக் காட்டினார்.

“மெதுவாத்தான சாமி சொல்லுதேன்.”

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அடிதடி ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். அவர் வரிசையை விட்டு நகரவில்லை. தன் முறை வந்ததும் போனார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை கிணற்று மேட்டில் வந்து நின்றார். “அண்ணே, ஒங்க முறையில நானும் ஆறு தடவ எறச்சிருக்கேன்.”

பெரியப்பா காதைக் கையால் மடக்கிக்கொண்டார். “கேக்கல. சத்தமாச் சொல்லு.”

சித்தப்பா கத்தினார். இன்னொரு தடவை என்றார் பெரியப்பா. மூன்றாவது தடவை சொல்லும்போது, சுற்றுப்பட்ட வயல்களில் வேலையே நின்றுபோனது. அதன்பின் தம்பியின் தோளில் கையைப் போட்டு வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். முதல் தடவையே கேட்டதா இல்லையா என்று பின்னொரு நாள் விசாரித்தேன். என் கேள்வியும் காதில் விழவில்லை என்றார்.

போன வருஷம் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். கல்லறைத் திருநாளன்று ரோஸி குடும்பத்தோடு வந்து, பூமாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பெரியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கல்லறைக்குக் காலையிலேயே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த சித்தப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. போகலாமா என்று கேட்டேன்.

“நீ போ. நான் செத்த நேரம் அண்ணங்கூட இருந்துட்டு வாரேன்” என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.