பச்சைப் பொத்தானும் பொக்லைனும்

மாலத்தீவின் தலைநகர் மாலேயில், நாடாளுமன்றமாகிய மஜ்லிஸில் எங்கள் தீவின் சார்பாக வீற்றிருக்கும் மாண்புமிகு உறுப்பினர் ஜுனைத் அவர்களின் சமுகத்துக்கு, உன் தாயோடு பிறந்த ஒரே தம்பியும், ஆயுள் முழுக்கச் சூரைப் படகு ஓட்டி முட்டி தேய்ந்து கரை ஒதுங்கியவனுமாகிய ஹஸன் ஃபுளு, ஹிரிமாதூ தீவிலிருந்து ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கு இறைவன் அருளால் யாவரும் நலம். அங்கு உன் நலமும், உன்னோடு இன்னும் சரிவர முகம் கொடுத்துப் பேசாத ஜனாதிபதி அவர்களின் நலமும் அறிய ஆவல்.

ஆவல் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, மருமகனே. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் சண்டை போட்டால் எனக்குப் புரிகிறது, அது அவன் பிழைப்பு. நீங்கள் இருவரும் ஒரே கட்சி, ஒரே கொடி, ஓட்டுக் கேட்டு வந்ததும் ஒரே படகு. அந்தப் படகை ஓட்டியவனே நான்தான். கரையைச் சுற்றிய பவளப்பாறைத் திட்டான பாரைத் தாண்டும்போது அலை தூக்கிப் போட்டதில் அவர் உன் மடியில்தான் வாந்தி எடுத்தார், நீ முதுகைத் தடவிக்கொடுத்தாய், நான் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தேன். அவ்வளவு நெருக்கமானவர்கள் இப்போது டிவி கேமரா இல்லாத வராந்தாவில் எதிரெதிரே வந்தால் என்ன செய்வீர்கள்? ஸலாம் உண்டா, இல்லை செருப்பு வாரைக் குனிந்து பார்ப்பீர்களா? அவர் வீட்டு விருந்தில் உன் தட்டில் மீன் விழுமா, வெறும் சாறுதானா? டீக்கடையில் இதே பேச்சு. "உங்க மருமகன்தானே, நீங்களே கேட்டு எழுதுங்க"ன்னு என் உயிரை எடுக்கிறார்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். என் மகள் ஷியூனாவுக்கு இது எட்டாம் மாதம். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தீவுக்குப் படகில்தான் போயாக வேண்டும், கடல் வற்றிவிட்டால் படகு பாரைத் தாண்டிக் கரைக்கு வராது. உனக்குச் சொல்லவேண்டுமா? இதே போலொரு வற்றிய கடலில்தான், வீட்டுக் கதவைக் கழற்றி உன் அம்மாவை அதில் படுக்கவைத்து, முழங்கால் தண்ணீரில் பாரின் மேல் நாங்கள் சுமந்துபோனோம், பாதி வழியில் நீ அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டாய். "பாரில் பிறந்தவன், பாரை வெட்டி வழி செய்வேன்" என்று மேடை மேடையாக முழங்கினாய், ஊரே மூக்கைச் சிந்தியது. அந்தக் கதவின் ஒரு முனையைப் பிடித்தவன் நான். இன்று என் முட்டி எனக்கே உதவாது. என் பிள்ளையை யாருப்பா தூக்குவா? எனக்குப் பயமாக இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

நீ ஜெயித்த பிறகு மூன்று வருடமும் ஜனாதிபதி எது கேட்டாலும் ஓட்டெடுப்பில் சரியென்று பச்சைப் பொத்தானை அழுத்தினாய். எவ்வளவு நல்ல பிள்ளை! நீ சொன்ன வழிதான் வரவில்லை, பாரில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் உனக்கு என்ன வந்ததோ, சொந்தக் கட்சி அமைச்சரையே நீக்கவேண்டும் என்று எழுந்து நின்று கத்தினாய். தொலைந்தோம் என்று நாங்கள் தலையில் கை வைத்தோம். ஆனால் ஜனாதிபதியின் பெருந்தன்மையைப் பார்! அந்த மாதமே மிதவையில் ஒரு மஞ்சள் பொக்லைன் வந்து இறங்கியது. கூட வந்த அதே அமைச்சர் மாலையைக் கழற்றாமலே, "உங்க உறுப்பினர் கத்திக்கிட்டே இருக்கட்டும், ஜனாதிபதி செஞ்சு காட்டுவார்" என்றார். பொக்லைன் ஓட்டும் வங்காளத்துப் பையன் மொக்லேசுர் மறுநாளே பாரை வெட்ட ஆரம்பித்தான்.

வைகிறவனுக்கே வழி வெட்டிக் கொடுக்கும் மனுஷனை எதிர்க்கலாமா என்று நான்தான் உனக்குப் புத்தி சொல்லி எழுதினேன். நீயும் பெரியவன் பேச்சைத் தட்டாமல் போய் அவரைக் கட்டிப்பிடித்தாய், டிவியில் பார்த்தோம், உன் அம்மா ஊருக்கே மீன் உருண்டை பொரித்துக் கொடுத்தாள். அந்த வாரமே பொக்லைன் நின்றுவிட்டது! இன்னும் இருபது பாகம், இருபது கைவிரிப்பு நீளம்தான் பாக்கி, அதற்கப்பால் ஆழக்கடல். "என்னடா ரிப்பேரா?" என்றால் மொக்லேசுர், "வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா. மாலேல இருந்து போன் வந்தா வெட்டுவேன், போன் வந்தா நிறுத்துவேன். வேற என்ன தெரியும் எனக்கு?" என்கிறான். பாவம், சாயங்காலம் ஆனால் பொக்லைன் வாளியில் உட்கார்ந்து ரேடியோவில் மஜ்லிஸ் கேட்கிறான், நாங்களும் பாக்கை மென்றுகொண்டு சுற்றி உட்கார்ந்து கேட்கிறோம். முன்பெல்லாம் நட்சத்திரக் கணக்குப் பார்த்துக் காற்று எப்போது திரும்பும் என்று சொல்லிவிடுவேன். உங்கள் காற்று எந்த நட்சத்திரத்தில் திரும்புகிறது என்று இந்தக் கிழவனுக்குப் பிடிபடவில்லை.

யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது, அவர் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, நீ கட்டிப்பிடித்தது போதவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை அமைச்சரை நீக்கும் ஓட்டெடுப்பில், நீ கத்தியதையெல்லாம் மறந்து, அமைச்சர் இருக்கட்டும் என்று ஜனாதிபதிக்குச் சாதகமாகவே போடு. உன் அம்மா கொடுத்தனுப்பும் கருவாட்டில் பாதியை அவருக்குக் கொடு. இன்னொரு தடவை கட்டிப்பிடி, இந்தத் தடவை கொஞ்சம் அழு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் ஒற்றுமையோடும் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். உன் மாமி ஸக்கியா, ஷியூனா, மொக்லேசுர் மூவரும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் மாமா ஹஸன் ஃபுளு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கடற்கரையில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் மிதவை வந்து பொக்லைனை ஏற்றிக்கொண்டு எதிர்த்தீவு வேலிஃபுஷிக்குப் போகிறது, மொக்லேசுர் பரிதாபமாகக் கையாட்டுகிறான். வேலிஃபுஷி உறுப்பினரும் உங்கள் கட்சிதானாமே, நேற்று ஜனாதிபதியைக் கிழி கிழியென்று கிழித்தானாமே! நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, உன் மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் மனுசா, இன்னுமா புரியல? இவன் முறைச்சா வண்டி ஓடுது, கட்டிப்பிடிச்சா நிக்குது. அந்த வண்டிக்கு டீசலே உன் மருமகன் வாய்தான்யா! புத்தி சொல்லிப் புத்தி சொல்லி நீதான் தொட்டியைக் காலி பண்ணிட்ட."

ஆகவே மேலே எழுதியதெல்லாம் செல்லாது. செவ்வாய்க்கிழமை அமைச்சரை நீக்கு. சும்மா பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிடாதே, மேசையைத் தட்டு, பாதியில் வெளிநடப்புச் செய். வாந்தி எடுத்த கதையை மட்டும் சொல்லாதே, பாவம், அது நமக்குள் இருக்கட்டும். இருபது பாகம் வெட்டி முடிகிறவரை முறைத்தால் போதும், அப்புறம் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து நானே மீன் பரிமாறுகிறேன். கருவாட்டை முழுதும் நீயே தின்னு.

ஷியூனா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள்: "ஜுனைத் அண்ணே, பிள்ளை பாரு மேல பொறந்தா உன் பேரு. புது வழியில படகுல போய் ஆஸ்பத்திரியில பொறந்தா ஜனாதிபதி பேரு. உன் பேரு எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கலண்ணே, அதை மனசுல வச்சு ஓட்டுப் போடு."